குஜிலியம்பாறைக்கு எரிவாயுக் குழாய் வந்தா கேள்வி கேட்பது யார்? டெல்லி சட்டம், சென்னை சட்டம் – முழு விளக்கம்

ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் 20 இடங்களில் ஹைட்ரோகார்பன் சோதனைக் கிணறு தோண்ட ஓ.என்.ஜி.சி. நிறுவனத்துக்கு 2025 மார்ச்சில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அந்த விஷயம் ஊருக்குத் தெரிந்து பெரிய செய்தியானது ஆகஸ்ட் மாதம்தான். "எங்க கிட்ட யாருமே கேட்கலையே" என்பதுதான் அங்கே எழுந்த முதல் குரல்.

அதே 2025 மார்ச் மாதத்தில், டெல்லியில் இன்னொன்று நடந்தது. நாடு முழுவதும் எண்ணெய், எரிவாயு எடுப்பதை ஒழுங்குபடுத்தும் 77 வருடப் பழைய சட்டத்தைத் திருத்தும் மசோதாவுக்கு நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது. அதுவும் பெரிய சத்தம் இல்லாமலேயே நடந்து முடிந்தது.

திண்டுக்கல் மாவட்டம் குஜிலியம்பாறையில் இருப்பவருக்கு இது ரெண்டும் எங்கேயோ நடந்த விஷயமாகத் தெரியலாம். ஆனால், ஒரு எரிவாயுக் குழாய் நாளைக்கு அந்த வட்டாரத்து மானாவாரி நிலம் வழியாகப் போக வேண்டும் என்று முடிவானால், அந்த விவசாயிக்குப் பாதுகாப்பு எந்தச் சட்டத்தில் இருக்கிறது? அந்தச் சட்டத்தைப் போடும்போது யாராவது கேள்வி கேட்டார்களா? விரிவாகப் பார்க்கலாம்.

குஜிலியம்பாறையில் எண்ணெய் இருக்கா?

முதலில் ஒரு பயத்தை நீக்கிவிடலாம். பெட்ரோலியமும் இயற்கை எரிவாயுவும் பெரும்பாலும் படிவுப் பாறைகள் உள்ள பகுதிகளில்தான் கிடைக்கும். தமிழ்நாட்டில் அது காவிரிப் படுகை. புதுச்சேரி பக்கம் தொடங்கி கடலூர், நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம் வரை கடலோரமாக நீளும் பகுதி அது. திண்டுக்கல் வட்டாரம் கடினப் பாறை பூமி. கிணறு வெட்டியவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். இங்கே எண்ணெய்க் கிணறு தோண்ட வருவார்கள் என்று எதிர்பார்க்க எந்தக் காரணமும் இல்லை.

ஆனால் கிணறு வராது என்பதற்காகக் குழாய் வராது என்று அர்த்தமில்லை. எடுத்த எண்ணெயும் எரிவாயுவும் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போக குழாய் வேண்டும். கொச்சியிலிருந்து கோவை வழியாக வரும் பெட்ரோலியக் குழாய், பக்கத்து மாவட்டமான கரூரில்தான் வந்து முடிகிறது. திண்டுக்கல்லுக்கும் கரூருக்கும் நடுவே இருக்கும் குஜிலியம்பாறைக்கு, கேள்வி கிணறு பற்றியது அல்ல, குழாய் பற்றியது.

அதிகாரம் யார் கையில்?

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, எந்த விஷயத்தில் யார் சட்டம் போடலாம் என்று பிரித்து வைத்திருக்கிறது. எண்ணெய் வயல்கள், கனிம எண்ணெய், பெட்ரோலியப் பொருட்கள் எல்லாம் மத்தியப் பட்டியலில் 53-வது இனம். அதாவது நாடாளுமன்றத்தின் அதிகாரம். விவசாயமும் நிலமும் மாநிலப் பட்டியலில் 14, 18-வது இனங்கள். அதாவது சட்டமன்றத்தின் அதிகாரம்.

சிக்கல் இங்கேதான். எரிவாயு மத்திய விஷயம், அது இருக்கும் அல்லது கடந்து போகும் நிலமும் அதில் விளையும் பயிரும் மாநில விஷயம்.

இதில் ஒரு முன்னுதாரணம் உண்டு. குஜராத் அரசு 2001-ல் எரிவாயு விநியோகத்தை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் கொண்டு வந்தது. மாநிலப் பட்டியலில் 25-வது இனத்தில் 'எரிவாயு' என்ற சொல் இருக்கிறது, அதனால் எங்களுக்கு அதிகாரம் உண்டு என்பது குஜராத்தின் வாதம். உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2004 மார்ச்சில் அதை ஏற்கவில்லை. இயற்கை எரிவாயு 53-வது இனத்தில்தான் வரும், மாநிலச் சட்டமன்றம் அதில் சட்டம் போட முடியாது என்று தீர்ப்பு வந்தது. நாட்டில் எண்ணெய், எரிவாயு அதிகம் எடுக்கும் மாநிலங்களில் ஒன்றான குஜராத்துக்கே அந்த நிலை.

டெல்லி சட்டம் என்ன சொல்கிறது?

அடிப்படைச் சட்டம் 1948-ல் வந்த எண்ணெய் வயல்கள் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு) சட்டம். இதன் கீழ்தான் 1959-ல் பெட்ரோலியம், இயற்கை எரிவாயு விதிகள் வந்தன. நிலத்தில் எண்ணெய் எடுப்பதாக இருந்தால், அந்த விதிகளின்படி மாநில அரசு குத்தகை கொடுத்து வந்தது; ஆனால் அதற்கு முன்பே மத்திய அரசின் ஒப்புதல் வேண்டியிருந்தது.

அந்தச் சட்டத்தைத் திருத்தும் மசோதா என்ன செய்தது?

• 'கனிம எண்ணெய்' என்பதன் பொருள் விரிந்தது. இயற்கையாகக் கிடைக்கும் எல்லா ஹைட்ரோகார்பன்களும், நிலக்கரிப் படுகை மீத்தேனும், ஷேல் எரிவாயுவும், ஷேல் எண்ணெயும் இதற்குள் வந்தன. நிலக்கரி, பழுப்பு நிலக்கரி, ஹீலியம் ஆகியவை வெளியே.

• 'சுரங்கக் குத்தகை' என்ற சொல்லுக்குப் பதிலாக 'பெட்ரோலியக் குத்தகை' என்ற சொல் வந்தது.

• விதியை மீறினால் பழைய சட்டத்தில் 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். இப்போது சிறைத் தண்டனை போய்விட்டது. குத்தகை இல்லாமல் எடுத்தாலோ, ராயல்டி கட்டாமல் விட்டாலோ 25 லட்சம் ரூபாய் வரை அபராதம். மீறல் தொடர்ந்தால் ஒரு நாளைக்கு 10 லட்சம் ரூபாய் வரை.

• அந்த அபராதத்தை விதிப்பது கோர்ட் அல்ல. மத்திய அரசு நியமிக்கும், இணைச் செயலாளர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி.

• சுற்றுச்சூழல் பாதுகாப்பு, குத்தகைகளை இணைப்பது, தகராறு தீர்ப்பது போன்றவற்றுக்கு மத்திய அரசே விதி வகுக்கலாம்.

கடைசி விஷயத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 'விதி வகுக்கலாம்' என்று சட்டம் சொல்கிறது. என்ன விதி என்று சட்டம் சொல்லவில்லை. ஊருக்கு நேரடியாகப் பாதிப்பு வரக்கூடிய விஷயங்கள் எல்லாம் அந்த விதிகளில்தான் இருக்கும்.

எத்தனை பேர் அலசினார்கள்?

மசோதாவின் பயணத்தைத் தேதியோடு பார்த்தால் விஷயம் புரியும்.

• 2024 ஆகஸ்ட் 5 – மாநிலங்களவையில் அறிமுகம்.

• 2024 டிசம்பர் 3 – மாநிலங்களவையில் நிறைவேறியது.

• 2025 மார்ச் 12 – மக்களவையில் நிறைவேறியது.

அறிமுகத்துக்கும் நிறைவேற்றத்துக்கும் நடுவே ஏழு மாதம் இருந்தது. ஆனால் அந்த ஏழு மாதத்தில் மசோதா எந்த நாடாளுமன்றக் குழுவுக்கும் போகவில்லை.

குழுவுக்குப் போனா என்ன, போகலைன்னா என்ன? இந்தக் கேள்வி நியாயமானது. துறை சார்ந்த நிலைக்குழுக்கள் 1993-ல் தொடங்கப்பட்டன. இப்போது 24 குழுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர், மொத்தம் 31 எம்.பி.க்கள். பெட்ரோலியம், இயற்கை எரிவாயு துறைக்கென்றே தனிக் குழு இருக்கிறது.

சபையில் ஒரு எம்.பி.க்குப் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். குழுவில் அப்படி அல்ல. அமைச்சக அதிகாரிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்கலாம். விவசாயச் சங்கம், நிபுணர்கள், மாநில அரசு என்று பலரின் கருத்தைக் கேட்கலாம். 'இந்த வரியை இப்படி மாற்றுங்கள்' என்று எழுத்தில் அறிக்கை கொடுக்கலாம். அரசு அதை ஏற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் கேள்வியும் பதிலும் பதிவாகும். நாளை ஒரு வழக்கு வந்தாலும் அந்தப் பதிவு பயன்படும்.

2009-14 காலத்து 15-வது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 2019-24 காலத்து 17-வது மக்களவையில் அது 16 சதவீதமாகக் குறைந்தது. எண்ணெய் வயல் மசோதா மட்டும் விதிவிலக்காக நடத்தப்படவில்லை. இப்போது இதுதான் வழக்கமாகிவிட்டது.

அரசு தரப்பு என்ன சொல்கிறது?

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறது. உலகச் சந்தையில் விலை ஏறினால், குஜிலியம்பாறை பங்க்கில் பைக்குக்குப் பெட்ரோல் போடுபவர் வரை அது வந்து சேரும். உள்நாட்டில் எடுப்பது கூடினால் நல்லது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

1948 சட்டம் காலத்துக்கு ஏற்றதாக இல்லை. முதலீடு போடுபவர்களுக்கு நிலையான விதிகள் வேண்டும். தகராறு வந்தால் சீக்கிரம் தீர வேண்டும். சின்னத் தவறுக்கெல்லாம் ஜெயில் என்றால் எந்தக் கம்பெனியும் வராது. இதுதான் மத்திய அரசின் வாதம். மாநிலங்களின் உரிமையோ, ராயல்டி வருமானமோ குறையாது என்று பெட்ரோலியத் துறை அமைச்சர் ஹர்தீப் சிங் பூரி சபையில் உறுதி சொன்னார்.

எதிர்க்கட்சிகளின் சந்தேகம், மாநில உரிமை பற்றியது. குறிப்பாக ஒரு சொல்லைப் பற்றியது.

கரிக்காலி சுண்ணாம்புக்கல்லும் ஒரு சொல்லும்

'சுரங்கக் குத்தகை' என்பதை 'பெட்ரோலியக் குத்தகை' என்று மாற்றினால் என்ன ஆகிவிடும்? இதைப் புரிந்துகொள்ள குஜிலியம்பாறைக்காரர்களுக்கு டெல்லி வரை போக வேண்டியதில்லை. பக்கத்திலிருக்கும் கரிக்காலி சிமென்ட் ஆலைக்கு வெட்டப்படும் சுண்ணாம்புக்கல் போதும்.

சுண்ணாம்புக்கல் 1957-ல் வந்த சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தின் கீழ் வருகிறது. பெட்ரோலியம் அந்தச் சட்டத்தில் வராது, 1948 சட்டத்தில் வரும். 2024 ஜூலை 25-ம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒரு முக்கியத் தீர்ப்பு சொன்னது. ராயல்டி என்பது வரி அல்ல. கனிம உரிமைகள் மீது வரி போட மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்பது அதன் சாரம். அதன் அடிப்படையில் தமிழ்நாடு சட்டமன்றம் கனிம வளமுள்ள நிலங்களுக்கு வரி விதிக்கும் சட்டத்தை 2024 டிசம்பரில் நிறைவேற்றியது. 2025 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. சுண்ணாம்புக்கல்லுக்கும் இந்த வரி உண்டு.

அந்தத் தீர்ப்பு வந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், எண்ணெய் வயல் மசோதா அறிமுகமானது. 'சுரங்கம்' என்ற சொல்லை எடுத்துவிட்டால், 'கனிம உரிமை மீது வரி' என்ற மாநில அதிகாரம் எண்ணெய் விஷயத்தில் பலவீனமாகிவிடாதா என்பதுதான் கேள்வி. பெட்ரோலியம் வேறு, கனிமம் வேறு என்பதைத் தெளிவாக்கத்தான் இந்த மாற்றம் என்பது அரசின் பதில்.

எது சரி? ஒரு நிலைக்குழுவின் மேசையில், சட்ட நிபுணர்களை வைத்துக்கொண்டு பேசித் தீர்த்திருக்க வேண்டிய கேள்வி இது. அது நடக்காததால், நாளைக்கு ஏதாவது ஒரு வழக்கில் கோர்ட்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சட்டத்துக்குப் பிறகு விதிகளும் வந்தன. 2025 ஜூலையில் பெட்ரோலியத் துறை புதிய விதிகளின் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. டிசம்பரில் அவை அறிவிக்கப்பட்டன. விதிகளை நாடாளுமன்றத்தில் 30 நாள் வைக்க வேண்டும் என்பது சட்டம். அந்த நாட்களில் இரண்டு சபைகளும் சேர்ந்து மாற்றலாம், ரத்தும் செய்யலாம். ஆனால் யாராவது எழுந்து தீர்மானம் கொண்டு வந்தால்தான் அது நடக்கும். யாரும் எழுந்திருக்கவில்லை என்றால் விதி அப்படியே நிற்கும்.

சென்னை சட்டம் யாருக்குப் பாதுகாப்பு?

டெல்லி கதை இப்படி என்றால், சென்னை கதை எப்படி?

காவிரிப் படுகையில் இந்தப் போராட்டம் பழையது. மன்னார்குடி மீத்தேன் திட்டத்தை எதிர்த்து இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் ஊர் ஊராகப் போனார். 2013 டிசம்பர் 30-ம் தேதி அந்தப் பிரசாரத்தில் இருந்தபோதுதான் காலமானார். 2017 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசல் கொதித்தது. அதே ஆண்டு ஜூன் 30-ம் தேதி தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து பெரிய போராட்டம் வெடித்தது.

2020 ஜனவரி 16-ம் தேதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு மாற்றம் செய்தது. எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று தேடும் சோதனைக் கிணறுகளை 'பி2' என்ற பிரிவுக்கு மாற்றியது. இந்தப் பிரிவில் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையும் வேண்டாம், மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் வேண்டாம். வணிக ரீதியாக எடுக்க ஆரம்பிக்கும்போதுதான் அவை கட்டாயம். இதைத் தமிழ்நாடு அரசு எதிர்த்தது.

அடுத்த மாதமே, பிப்ரவரி 20-ம் தேதி, அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டு மசோதாவைச் சட்டமன்றத்தில் கொண்டு வந்தார். அன்றே நிறைவேறியது. மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று அப்போது எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. கேட்டது. ஏற்கப்படாததால் வெளிநடப்பு செய்தது.

அதாவது, டெல்லியில் எந்தக் குறை சொல்லப்படுகிறதோ, அதே குறை சென்னையிலும் இருந்தது. நல்ல நோக்கத்தில் வந்த சட்டம்தான். ஆனால் ஒரே நாளில் நிறைவேறியதால் எந்தெந்தக் கேள்விகள் விடுபட்டன?

கேள்வி 1: எந்த ஊர்கள்? தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள் முழுவதும் மண்டலத்துக்குள் வந்தன. கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தலா ஐந்து ஒன்றியங்கள் வந்தன. நாகையிலிருந்து பிரிந்து உருவான மயிலாடுதுறை மாவட்டத்தின் பெயர் 2023-ல் சேர்க்கப்பட்டது. காவிரி ஓடும் கரூர், திருச்சி, அரியலூர் மாவட்டங்கள் சேரவில்லை. காவிரிப் படுகையின் எண்ணெய்த் தேடல் நடக்கும் ராமநாதபுரமும் சேரவில்லை. திண்டுக்கல்லும் பட்டியலில் இல்லை.

கேள்வி 2: எதற்குத் தடை? எண்ணெய், இயற்கை எரிவாயு, மீத்தேன், ஷேல் எரிவாயு தேடவும், தோண்டவும், எடுக்கவும் புதிதாக அனுமதி இல்லை. ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே நடந்துவந்த பணிகளை இது தொடாது. துறைமுகம், சாலை, மின்சாரம், குடிநீர் போன்ற உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கும் விலக்கு உண்டு. அந்த விலக்குப் பட்டியலில் குழாய்களும் இருக்கின்றன.

ஆக, குஜிலியம்பாறையை நாளைக்கே இந்த மண்டலத்தில் சேர்த்தாலும், இந்தச் சட்டம் குழாயைத் தடுக்காது.

ராமநாதபுரத்தில் என்ன நடந்தது?

இந்த ஓட்டைகள் எல்லாம் ஒன்றாகத் தெரிந்த இடம் ராமநாதபுரம். மாவட்டம் பாதுகாப்பு மண்டலத்தில் இல்லை. சோதனைக் கிணறு என்பதால் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவைப்படவில்லை. அனுமதி கொடுத்தது மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம். பெயரில் 'மாநிலம்' இருந்தாலும், இது மத்தியச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு அமைக்கும் ஆணையம்.

செய்தி வெளியானதும் எதிர்ப்பு கிளம்பியது. 2025 ஆகஸ்ட் 24-ம் தேதி அப்போதைய அமைச்சர் தங்கம் தென்னரசு, தமிழ்நாட்டில் எங்கேயும் ஹைட்ரோகார்பன் திட்டத்தை அனுமதிக்க மாட்டோம், அனுமதியைத் திரும்பப் பெற ஆணையத்துக்கு அறிவுறுத்தியிருக்கிறோம் என்று அறிக்கை விட்டார்.

அரசு அறிக்கை ஒரு பாதுகாப்புதான். ஆனால் சட்டம் வேறு, அறிக்கை வேறு. ஆட்சி மாறினால், அமைச்சர் மாறினால், மனசு மாறினால் அறிக்கை மாறலாம். சட்டத்தை மாற்ற வேண்டுமென்றால் சட்டமன்றத்துக்குத்தான் வர வேண்டும்.

குழாய் வந்தா விவசாயிக்கு என்ன கிடைக்கும்?

இப்போது குஜிலியம்பாறைக்கு நேரடியாகப் பொருந்தும் சட்டத்துக்கு வரலாம். 1962-ல் வந்த பெட்ரோலியம், கனிமக் குழாய்கள் (நிலத்தில் பயன்பாட்டு உரிமை பெறுதல்) சட்டம். இதில் நிலத்தை வாங்க மாட்டார்கள். பட்டா விவசாயி பெயரிலேயே இருக்கும். நிலத்துக்கு அடியில் குழாய் போடும் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

• நஷ்ட ஈடு: பயிர், மரம் போன்றவற்றுக்கு ஏற்படும் சேதத்துக்குத் தனியாகப் பணம். அதோடு, குழாய் போகும் நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். மதிப்பு கணக்கிடப்படுவது முதல் அறிவிக்கை வந்த தேதியில். தொகை போதாது என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம்.

• கட்டுப்பாடு: அந்தப் பட்டையில் கட்டடம் கட்டக் கூடாது. கிணறோ குளமோ வெட்டக் கூடாது. மரம் நடக் கூடாது. சோளம், கடலை போன்ற பயிர் வைக்கலாம்.

• ஆட்சேபம்: முதல் அறிவிக்கைக்குப் பிறகு 21 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நேரில் சொல்லவும், வக்கீல் வைக்கவும் உரிமை உண்டு.

மழையை நம்பியும் கிணற்றை நம்பியும் இருக்கும் மேட்டு நிலத்தில், 'கிணறு வெட்டாதே, மரம் நடாதே' என்பது சின்ன நிபந்தனை இல்லை. முருங்கையோ தென்னையோ வைத்துப் பிழைக்க நினைப்பவருக்கு, நிலம் இருக்கும். ஆனால் அதில் நினைத்ததைச் செய்ய முடியாது. மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்குக் குழாய் குறுக்கே போனால், பாதிப்பு அந்தப் பட்டையோடு நிற்காது. மீதி நிலத்தை விற்பதும், பிரிப்பதும், வீடு கட்டுவதும் எல்லாமே சிக்கலாகும். இதற்கெல்லாம் 10 சதவீதம் போதுமா என்பது 1962 சட்டத்தைப் பற்றிய பழைய கேள்வி.

மாநில அரசு தலையிட முடியாதா?

தலையிட்டுப் பார்த்தாயிற்று. கொச்சியிலிருந்து பெங்களூருக்குப் போகும் கெயில் எரிவாயுக் குழாய், கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்டங்கள் வழியாகப் போவதாகத் திட்டம். விவசாயிகள் எதிர்த்தார்கள். 2013-ல் ஜெயலலிதா தலைமையிலான அரசு, விளைநிலத்தை விட்டுவிட்டு நெடுஞ்சாலை ஓரமாகக் குழாயைக் கொண்டு போங்கள் என்று உத்தரவிட்டது.

அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 2016 பிப்ரவரி 2-ம் தேதி உச்ச நீதிமன்றமும் தமிழ்நாடு அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. குழாயின் பாதையை மாற்றச் சொல்லும் அதிகாரம் மாநில அரசுக்கு இல்லை என்பதே முடிவு.

மாநில அரசே தோற்ற இடத்தில், தனி விவசாயியின் 21 நாள் ஆட்சேபம் எவ்வளவு தூரம் நிற்கும்? அதனால்தான், சட்டம் போடும் நேரத்தில் கேட்கப்படும் கேள்வி இவ்வளவு முக்கியமாகிறது. சட்டம் வந்த பிறகு கோர்ட் அந்தச் சட்டத்தைத்தான் பார்க்கும்.

வேற நாட்டில் எப்படி?

கனடாவின் வடக்கே 'வடமேற்கு நிலப்பகுதிகள்' என்று ஒரு பகுதி இருக்கிறது. பனி பூமி, மக்கள் தொகை சுமார் 45 ஆயிரம்தான். அங்கே இருக்கும் எண்ணெய், எரிவாயு மீதான அதிகாரத்தை ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசு 2014 ஏப்ரல் 1-ம் தேதி அந்தப் பகுதி அரசிடமே ஒப்படைத்தது. 2019-ல் எண்ணெய், எரிவாயு சட்டங்களைத் திருத்த இரண்டு மசோதாக்கள் அங்குள்ள சட்டமன்றத்துக்கு வந்தன.

அந்தச் சட்டமன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டாம் வாசிப்பு முடிந்ததும் மசோதா நிலைக்குழுவுக்குப் போகும். அலசுவதற்குக் குழுவுக்கு 120 நாள் அவகாசம். இந்த ரெண்டு மசோதாக்களும் அப்படிப் போய் வந்தவைதான்.

குழுவுக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் நம்ம பக்கம் ஒரு தாலுகாவில் இருக்கும் ஆள்கூட இல்லாத ஒரு பகுதியில், எண்ணெய்ச் சட்டத்துக்கு நாலு மாதம் உட்கார்ந்து கேள்வி கேட்க முடிகிறது. 140 கோடி பேருக்கான சட்டத்துக்கு அது ஏன் முடியவில்லை?

குஜிலியம்பாறைக்காரர் என்ன செய்ய முடியும்?

எம்.பி.யிடம் கேட்கலாம். குஜிலியம்பாறை இருப்பது திண்டுக்கல் மாவட்டம். ஆனால் இந்தப் பகுதி சேரும் வேடசந்தூர் சட்டமன்றத் தொகுதி, கரூர் மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. ஆக, 1962 குழாய்ச் சட்டத்தையோ, புதிய பெட்ரோலிய விதிகளையோ பற்றி நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டியவர் கரூர் எம்.பி. விதிகள் மீது தீர்மானம் கொண்டு வரும் உரிமையும் எம்.பி.க்குத்தான்.

எம்.எல்.ஏ.விடம் கேட்கலாம். பாதுகாப்பு மண்டலத்தின் எல்லையும், குழாய்க்கான விலக்கும் சட்டமன்றத்தின் கையில் இருப்பவை. அவற்றைப் பற்றிச் சபையில் பேச வேடசந்தூர் எம்.எல்.ஏ.வுக்கு உரிமை உண்டு. ஆனால் கெயில் தீர்ப்புக்குப் பிறகு, விலக்கை மட்டும் நீக்கினால் குழாய் நின்றுவிடும் என்று நம்ப முடியாது.

கிராம சபையில் பேசலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அதன் தீர்மானம் குழாய்ச் சட்டத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எதிர்ப்பு இருந்தது என்பதற்கு அது அதிகாரப்பூர்வமான சாட்சி.

அறிவிக்கையைக் கவனிக்கலாம். குழாய் விஷயத்தில் முதல் 21 நாள்தான் எல்லாமே. கெஜட் அறிவிக்கையில் சர்வே எண்ணோடு விவரம் இருக்கும். நிலம் இருக்கிற ஒவ்வொருவரும் தங்கள் சர்வே எண்ணைத் தெரிந்து வைத்திருப்பது இதற்கு உதவும். ஆட்சேபத்தை வாயால் சொன்னால் போதாது. எழுதிக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும்.

ராமநாதபுரத்தில் மக்களுக்கு விஷயம் தெரிந்தபோது அனுமதி கொடுத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. நாடாளுமன்றத்தில் சட்டம் ஏழு மாதம் இருந்தும் குழுவின் மேசைக்குப் போகவில்லை. சட்டமன்றத்தில் சட்டம் ஒரே நாளில் முடிந்தது. இவ்வளவுக்கும் பிறகு, குழாய் வரும் ஊரில் கேள்வி கேட்க விவசாயிக்குச் சட்டம் கொடுத்திருக்கும் நேரம் 21 நாள்.